நாற்பத்திரண்டு பேரின் மூச்சு

எங்கள் வீட்டில் யாருக்குப் பிறந்தநாள் வந்தாலும் பலூன் ஊதும் வேலை என்னுடையதுதான். மற்றவர்கள் நாலு பலூன் ஊதிவிட்டுத் தலை சுற்றுகிறது என்று உட்கார்ந்துவிடுவார்கள். நான் இருபது ஊதுவேன், நடுநடுவே கதையும் பேசுவேன். பள்ளிக்கூட நாளில் நீச்சல் போட்டிக்குப் போய்க்கொண்டிருந்தவள். உயரமும் அதிகம், ஏணி என்றுதான் கூப்பிடுவார்கள். இதையெல்லாம் எதற்குச் சொல்கிறாள் என்று நினைக்காதீர்கள். நடந்ததை ஆரம்பத்திலிருந்து எழுதித் தாருங்கள் என்றீர்கள். ஆரம்பம் இதுதான்.

நீங்கள் கொடுத்த காகிதம் நன்றாக இருக்கிறது, பேனாவும் தடையில்லாமல் எழுதுகிறது. ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன். கதவருகே உட்கார்ந்திருக்கும் உங்கள் எழுத்தர் காலையிலிருந்து பதினோரு முறை இருமிவிட்டார். வறட்டு இருமல். அவரை ஒரு நல்ல டாக்டரிடம் அனுப்புங்கள். வேலை மும்முரத்தில் இதையெல்லாம் யாரும் கவனிப்பதில்லை. கவனிக்க ஒரு ஆள் வேண்டும் என்றுதான் என்னைப் போன்றவர்களை வைக்கிறார்கள்.

பத்தொன்பது வருடத்துக்கு முன் நான் அந்தத் தொழிற்சாலையில் நர்ஸாகச் சேர்ந்தேன். கை கழுவும் தொட்டி, கழிப்பறைப் பீங்கான் எல்லாம் செய்யும் இடம். சைக்கிள் கொட்டகைக்குப் பக்கத்தில் எட்டடிக்கு எட்டடியில் எனக்கு ஒரு அறை. அதில் ஒரு கட்டில், ஒரு இரும்புப் பெட்டி, பஞ்சு, கட்டுத்துணி, தலைவலி மாத்திரை. விரலில் வெட்டுப்பட்டால் கட்டுப் போடுவது, மயங்கி விழுந்தவர் முகத்தில் தண்ணீர் தெளிப்பது, இவ்வளவுதான் என் உத்தியோகம். மேனேஜர் என்னைக் கடந்து போகும்போது இரும்புப் பெட்டியைப் பார்ப்பதுபோலத்தான் பார்ப்பார். பெட்டி பூட்டியிருந்தாலாவது ஏன் பூட்டியிருக்கிறது என்று கேட்பார். என்னிடம் அதுகூடக் கேட்டதில்லை.

பிறகு காலம் மாறியது. நர்ஸ் என்பவர் காயத்துக்குக் கட்டுப் போட மட்டும் இல்லை, காயமே வராமல் பார்த்துக்கொள்ளவும் வேண்டும் என்று மேலிடத்திலிருந்து சுற்றறிக்கை வந்தது. முதலில் காதுப் பரிசோதனையைக் கொடுத்தார்கள். அடுத்த வருடம் கண். அதற்கடுத்து, முதுகு பிடிக்காமல் மூட்டை தூக்குவது எப்படி என்று வகுப்பு. அலுவலகத்தில் நாற்காலி எத்தனை உயரம் இருக்க வேண்டும் என்பதுகூட என் பொறுப்பாயிற்று. நோய்க்காக விடுப்பு எடுத்தவர்கள் திரும்பி வந்தால் முதலில் என் முன்னால்தான் வந்து நிற்க வேண்டும். மனசு சரியில்லாதவர்கள் பேசுவதற்கும் நான்தான், சிகரெட்டை விடுவதற்கும் நான்தான். "இதையும் சிஸ்டர்கிட்ட குடுத்துடுங்க" என்பது அலுவலகத்தில் பேச்சு வழக்காகவே ஆகிவிட்டது. நான் ஒருநாளும் முகத்தைச் சுளித்ததில்லை. உள்ளதைச் சொல்கிறேன், எனக்குச் சந்தோஷமாக இருந்தது. சும்மா கிடந்தவளைத் தூசி தட்டி எடுத்து வைத்த மாதிரி இருந்தது.

ஊதும் பரிசோதனை வந்தது ஒன்பது வருடத்துக்கு முன்னால்.

கலவைக் கூடம் என்று ஒன்று உண்டு. களிமண்ணையும் வெள்ளைக்கல் பொடியையும் உலர்ந்தபடியே கொட்டிக் கலக்கும் இடம். அங்கே நாற்பத்திரண்டு பேர் வேலை பார்த்தார்கள். வெளியே வரும்போது புருவம், இமை, காதோரம் எல்லாம் வெளுத்திருக்கும். மற்றவர்கள் அவர்களுக்கு வெள்ளைக்காரர்கள் என்று பேர் வைத்திருந்தார்கள். "வெள்ளைக்காரன் வர்றான், வழி விடு" என்று கேண்டீனில் கேலி பேசுவார்கள். அவர்களும் சிரித்துக்கொண்டே தட்டை எடுத்து வருவார்கள். அந்தப் பொடி நுரையீரலுக்குள் போனால் திரும்பி வராது. உள்ளேயே தழும்பு கட்டும். அதனால் வருடத்துக்கு ஒரு முறை ஒவ்வொருவரும் ஒரு குழாயில் ஊத வேண்டும் என்று விதி வந்தது. ஆளுடைய வயதையும் உயரத்தையும் இயந்திரத்தில் போட்டால், அவருக்கு எவ்வளவு மூச்சு இருக்க வேண்டும் என்று அதற்குத் தெரியும். மூச்சை நிறைய இழுத்து, ஒரே மூச்சாக வெளியே தள்ள வேண்டும். நூற்றுக்கு எண்பதுக்கு மேல் வந்தால் பச்சை, எழுபதுக்கு மேல் மஞ்சள், அதற்குக் கீழே சிவப்பு.

சிவப்பு வந்தவர் அதற்கப்புறம் கூடத்துக்குள் கால் வைக்கக் கூடாது. தூசி இல்லாத வேறு இடத்தில் வேலை கொடுக்க வேண்டும் என்று விதியில் எழுதியிருந்தது. அப்படி ஒரு இடம் தொழிற்சாலையில் இருந்ததில்லை. சிவப்பு என்றால் வீடுதான்.

முதல் வருடம், முதல் நாள், ஆறாவதாக வந்தவர் என் தங்கை வீட்டுக்காரர். அவரைக் கூட்டிவந்து கூடத்தில் சேர்த்துவிட்டதே நான்தான். கல்யாணம் ஆன புதிதில் வேலை இல்லாமல் நின்றார், தங்கை வந்து கண்ணைக் கசக்கினாள், நான் ஆள் எடுக்கும் அதிகாரியிடம் ஒரு வார்த்தை சொன்னேன். நல்ல மனிதர். வாய் நிறைய அக்கா அக்கா என்பார். மூன்று முறை ஊதினார். அறுபத்து நாலுக்கு மேல் ஏறவில்லை.

"இன்னொரு தடவை ஊதவா அக்கா?"

"மூணு தடவை ஊதியாச்சு மாப்ளே."

"காலையில கொஞ்சம் சளி பிடிச்சிருந்துச்சு. அதான்."

"சளி இல்ல."

அவர் குழாயையே பார்த்துக்கொண்டு இருந்தார். முகம் சுண்டிப்போயிற்று. "உங்க தங்கச்சிகிட்ட நான் என்னன்னு போய் சொல்றது?" என்றார்.

வீட்டுக்கு அனுப்பினால் நுரையீரல் சரியாகிவிடப் போவதில்லை. கட்டிய தழும்பு கட்டியதுதான். மூச்சும் குறைந்து வேலையும் போய் நிற்பதைவிட, வேலையாவது இருக்கட்டும் என்று நினைத்தேன். நீங்களும் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தால் அப்படித்தான் நினைத்திருப்பீர்கள். அட்டை வாய்க்குழாயைக் கழற்றிப் போட்டுவிட்டுப் புதிதாக ஒன்று மாட்டினேன். சுத்தம் எனக்கு முக்கியம். மூச்சை இழுத்து ஊதினேன். தொண்ணூற்று ஆறு வந்தது. பச்சை.

"அக்கா, நீங்க தண்ணிக்கு அடியிலயே குடித்தனம் நடத்துவீங்க போல" என்று சிரித்தார். நானும் சிரித்தேன். சிகரெட்டை விடும்படி கண்டித்துச் சொல்லி அனுப்பினேன்.

அதற்கப்புறம் இரண்டு நாள் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. பொய்யாக ஊதினோமே என்று இல்லை. சொந்தக்காரருக்கு ஒன்று, மற்றவர்களுக்கு ஒன்று என்று செய்துவிட்டோமே என்றுதான். எனக்கு ஓரவஞ்சனை அறவே பிடிக்காது. எங்கள் அம்மா தங்கைக்குத்தான் எப்போதும் பெரிய துண்டாக எடுத்து வைப்பாள், அந்த வலி எனக்குத் தெரியும். மூன்றாம் நாள் பீப்பாய் வந்தார். மூட்டை இறக்குகிறவர், கதவில் பக்கவாட்டில் திரும்பித்தான் நுழைவார், அதனால் அந்தப் பேர். அவருக்கு அறுபத்தொன்று. ஒன்றும் கேட்காமல் கையைப் பிசைந்துகொண்டு நின்றார். நான் வாய்க்குழாயை மாற்றினேன். அந்த வருடம் எட்டுப் பேருக்கு ஊதினேன். அதன் பிறகுதான் எனக்குச் சாப்பாடு இறங்கியது.

மாதம் ஒரு முறை கம்பெனி டாக்டர் ஒருவர் வந்து கையெழுத்துப் போட்டுவிட்டுப் போவார். நாளிதழை மடியில் விரித்துக்கொண்டே போடுவார். அந்த மனிதரே அந்த வருடக் கணக்கைப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார். "என்ன சிஸ்டர், ஒரே கூடத்துல சில பேருக்கு இவ்வளவு நல்லா இருக்கு, பாதிப் பேருக்கு மஞ்சள்ல கிடக்கு?" என்றார். எனக்குச் சுருக்கென்றது. உண்மையாக ஊதியவர்கள்தான் மஞ்சளில் இருந்தார்கள். நேர்மையாக இருந்தவர்களுக்குத்தான் தண்டனை என்று ஆகிவிட்டது. இதை அப்படியே விட மனசு கேட்கவில்லை.

அதே சமயம் மேற்பார்வையாளர்கள் புகார் சொல்ல ஆரம்பித்தார்கள். ஒவ்வொருவரையும் அரை மணி நேரம் கூப்பிட்டு உட்காரவைத்தால் கலவை நின்றுபோகிறது என்றார்கள். நான் ஒரு வழி சொன்னேன். நானே கூடத்துக்குள் சுற்று வருகிறேன், நின்ற இடத்திலேயே ஒரு சின்னக் குழாயில் ஒருமுறை ஊதினால் போதும், மற்றதை என் அறையில் இயந்திரத்தில் போட்டுக்கொள்கிறேன் என்றேன். மேனேஜர் அன்றைக்குத்தான் முதல் முறையாக என்னை உட்காரச் சொன்னார். "வேலை நிக்காம டெஸ்ட் பண்றது நல்ல யோசனை சிஸ்டர்" என்றார். எப்படிப் போட்டுக்கொள்வீர்கள் என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன் என்றுதான் நினைக்கிறேன்.

அந்தச் சின்னக் குழாய் எந்த இயந்திரத்தோடும் இணைந்திருக்கவில்லை. நீல நிறத்தில் ஒரு பிளாஸ்டிக் குழாய், உள்ளே ஒரு முள், ஊதினால் முள் நகரும். அவர்கள் கண்ணை மூடிக்கொண்டு முழு மூச்சாக ஊதுவார்கள். "எப்படி சிஸ்டர்?" என்று கேட்பார்கள். "நல்லா இருக்கு" என்பேன். முதல் வருடம் நான் ஊதிக்கொடுத்த எட்டுப் பேரிடமும், இப்போது உங்களுக்கே சரியாகிவிட்டது என்று சொன்னேன். அவர்கள் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும் நீங்கள். பிறகு என் அறைக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு, பட்டியலை முன்னால் வைத்து, நாற்பத்திரண்டு பேருக்கும் நானே ஊதுவேன். ஒருவருக்கு மூன்று முறை. நூற்று இருபத்தாறு ஊதல். மூன்று மதியம் ஆகும். நடுவில் வெந்நீர் குடிப்பேன்.

அதைச் சும்மா ஊதிவிட்டுப் போகிற வேலை என்று நினைத்தால் தப்பு. எல்லோருக்கும் ஒரே அளவு ஊதினால் குட்டு வெளிப்பட்டுவிடும். ஒவ்வொருவரையும் மனசில் கொண்டுவந்து ஊதினேன். வயதானவருக்கு வருடத்துக்கு ஒரு துளி குறைப்பேன், வயதானால் குறையத்தானே வேண்டும். புகை பிடிப்பவருக்குக் கடைசியில் கொஞ்சம் இழுத்தாற்போல் விடுவேன். சிகரெட்டை விட்டவருக்கு அடுத்த வருடம் இரண்டு புள்ளி கூட்டிக் கொடுப்பேன், நல்ல பழக்கத்துக்கு ஊக்கம் வேண்டும். பீப்பாய்க்கு எண்பத்தைந்தைத் தாண்டவிட்டதில்லை. அந்த உடம்புக்கு அதற்கு மேல் வந்தால் யார் நம்புவார்கள். அவர்களில் ஒவ்வொருவருடைய மூச்சும் எப்படி ஓடியிருக்க வேண்டும் என்பது எனக்கு மனப்பாடம். எப்படி ஓடியது என்பதை நான் பார்க்கவில்லை.

முடிவு வந்ததும் ஒவ்வொரு வீட்டுக்கும் தபாலில் ஒரு அட்டை போகும். அதுவும் என் யோசனைதான். வெளிர்பச்சை அட்டை, நடுவில் எண், கீழே "உங்கள் நுரையீரல் நலமாக உள்ளது, வாழ்த்துகள்" என்று அச்சு. பல வீடுகளில் அதைக் கண்ணாடிக்குப் பக்கத்தில் சொருகி வைத்திருந்தார்கள். அட்டை வர ஆரம்பித்த பிறகு கூடத்தில் முகக்கவசத்தைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டார்கள். வியர்க்கிறது, பேச முடியவில்லை, அதுதான் பச்சை வந்துவிட்டதே என்றார்கள். கழற்றச் சொன்னது நான் இல்லை. அணிய வேண்டும் என்று சுவரில் இரண்டு இடத்தில் படம்கூட ஒட்டினேன்.

பாதுகாப்பு இன்ஜினியர் ஒருவர் இருந்தார். சாப்பிடும்போதும் தலைக்கவசத்தைக் கழற்ற மாட்டார் என்பதால் அவருக்கு ஹெல்மெட் என்றே பேர். அவர் ஒரு கூட்டத்துக்கு ஏற்பாடு செய்தார். தூசியை உறிஞ்சி வெளியே தள்ளும் பெரிய இயந்திரம் ஒன்று கூடத்துக்குப் பின்னால் இருந்த காலி இடத்தில் வைக்க வேண்டும் என்று வாதாடினார். "சார், உள்ள நின்னா என் கை எனக்கே தெரியல சார்" என்றார். மேனேஜர் மேசையின் மறுகோடிக்குத் திரும்பினார். அங்கே நான் உட்கார்ந்திருந்தேன். அந்த மேசையில் ஒரு நர்ஸ் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை.

"சிஸ்டர் என்ன சொல்றாங்க?"

 கொண்டுபோயிருந்த படத்தை விரித்தேன். நாற்பத்திரண்டு பச்சைக் கோடுகள், மூன்று வருடத்துக்கு. ஹெல்மெட் படத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு தலைக்கவசத்தைக் கழற்றி மேசைமேல் வைத்தார். அவருக்கு வழுக்கை என்பதே எங்களுக்கு அப்போதுதான் தெரியும். "எண்ணே இப்படிச் சொல்லும்போது நான் என்னத்தைப் பேசுறது" என்றார். அந்த நேரத்தில் உண்மையைச் சொல்லியிருக்கலாமே என்று நேற்று கேட்டீர்கள். சொல்லியிருக்கலாம். ஆனால் ஒரு நர்ஸ் சொன்னால் நம்பலாம் என்று அன்றைக்குத்தான் அவர்கள் நம்ப ஆரம்பித்திருந்தார்கள். முதல் கூட்டத்திலேயே அந்த நம்பிக்கையைக் கெடுத்தால், எனக்குப் பின்னால் வரும் நர்ஸ்களை யார் மதிப்பார்கள். ஹெல்மெட் சில மாதத்தில் வேறு வேலைக்குப் போய்விட்டார்.

அந்தக் காலி இடத்தில் எனக்கு நலவாழ்வு மையம் கட்டிக் கொடுத்தார்கள். ஐந்து அறை, வெள்ளைத் திரைச்சீலை, கதவில் நலப் பிரிவுத் தலைவர் என்று பலகை. ஒரு பக்கச் சுவர் கூடத்தை ஒட்டியிருந்ததால் பொடி உள்ளே வந்தது. கேட்டவுடன் என் அறைக்கு மட்டும் காற்றைச் சுத்தம் செய்யும் கருவி ஒன்றை வைத்துக் கொடுத்தார்கள். ஆடம்பரம் என்று சிலர் முணுமுணுத்தார்கள். நாற்பத்திரண்டு பேருக்கு ஊத வேண்டிய நுரையீரலை நான் கவனித்துக்கொள்ள வேண்டாமா.

ஐந்தாவது வருடத்திலிருந்து கூடத்துக்காரர்கள் மூச்சு வாங்குகிறது என்று வர ஆரம்பித்தார்கள். படியேறினால் நெஞ்சு அடைக்கிறது, மூட்டையைப் பாதியில் வைத்துவிட வேண்டியிருக்கிறது என்றார்கள். அட்டையில் பச்சை, ஆளுக்கு மூச்சு இல்லை. இப்படிப்பட்டவர்களுக்கு என்ன குறை என்று யோசித்ததில், மனசில்தான் குறை என்று வந்தது. வேறு எதுவாகவும் இருக்க முடியாதபடி கோப்பு இருந்தது. அவர்களுக்காக வாரம் ஒருநாள் வகுப்பு வைத்தேன். கண்ணை மூடி, தோளைத் தளர்த்தி, பயப்படாமல் மெதுவாக மூச்சு விடக் கற்றுக் கொடுத்தேன். பீப்பாய் முன்வரிசையில் உட்காருவார். அப்போது அவர் கதவில் நேராகவே நுழையலாம், சட்டைக்குள் எலும்புதான் இருந்தது. பேரை மட்டும் யாரும் மாற்றவில்லை. ஒருநாள் வகுப்பு முடிந்து எல்லோரும் எழுந்தபோது அவர் எழவில்லை. நன்றாகத் தளர்ந்திருக்கிறார் என்று நினைத்து நான் இரண்டு நிமிடம் அவரை எழுப்பவில்லை.

போய்ச் சேர்ந்தவர்களில் பீப்பாய் இரண்டாவது. அவருக்கு முன்னால் ஒருவர், பின்னால் ஏழு பேர். பெயர்களை எழுத்தர் எழுதி வைத்திருக்கிறார், சரியாக இருக்கின்றன.

என் தங்கை வீட்டுக்காரர் வெளியே ஒரு ஆஸ்பத்திரிக்குப் போனார். அங்கே இருந்த டாக்டர் கெட்டிக்காரர். என்ன வேலை என்று கேட்டதும் கூடத்துத் தூசியாக இருக்குமோ என்று சந்தேகப்பட்டு, பழைய பரிசோதனைகளை அனுப்பும்படி எனக்குக் கடிதம் எழுதினார். அன்றைக்கே அனுப்பினேன். யாரையும் காக்க வைக்கும் பழக்கம் எனக்கில்லை. ஏழு வருடம், எல்லாம் தொண்ணூறுக்கு மேல். அதைப் பார்த்துவிட்டு அவர் தூசி என்று எழுதியதை அடித்தார். எக்ஸ்ரே படத்தில் தெரிந்த நிழலை எப்போதோ வந்துபோன காசநோயின் வடு என்றார். அங்கே ஊதியபோது சரியாக வராததற்குப் பயம்தான் காரணம் என்று எழுதி, என் வகுப்புக்கே திருப்பி அனுப்பினார்.

வகுப்பு முடிந்து ஒருநாள் அவர் மட்டும் உட்கார்ந்திருந்தார். ஒரு வாக்கியத்தை மூன்று இடத்தில் நிறுத்தித்தான் பேச முடிந்தது.

"அக்கா, முதல் வருஷம் எனக்கு நீங்க ஊதினீங்களே. அதுக்கப்புறமும் நீங்கதானா?"

"இல்ல மாப்ளே. அப்புறம் எல்லாம் நீங்க ஊதினதுதான்."

"சத்தியமா?"

"உங்களுக்கு உடம்புல ஒண்ணும் இல்ல. மனசைத் தளர விடாதீங்க."

அவர் தலையாட்டினார். "அப்ப நான்தான் சும்மா பயப்படுறேன்" என்றார். என்னை அவ்வளவு நம்பினார். அந்த நேரத்தில் உண்மையைச் சொன்னால் அவருக்கு என்ன கிடைத்திருக்கும். உடம்பு போனது போக, நம்பிக்கையும் போயிருக்கும். இதை நான் பலமுறை யோசித்துப் பார்த்திருக்கிறேன், ஒவ்வொரு முறையும் இதே இடத்துக்குத்தான் வந்து சேர்கிறேன்.

கடைசி நாலு மாதம் அவரால் படுக்க முடியவில்லை. ஜன்னலோரம் நாற்காலியில் உட்கார்ந்து, முன்னால் மேசையில் தலையணை வைத்து, அதன் மேல் சாய்ந்திருப்பார். தங்கை விசிறிக்கொண்டே இருப்பாள். நான் போகும்போதெல்லாம் சுவாசப் பயிற்சி சொல்லிக் கொடுத்தேன். ஒரு வியாழக்கிழமை மதியம், தங்கை தண்ணீர் எடுக்க உள்ளே போன நேரத்தில் முடிந்துவிட்டது. நான் அழுதேன். நடிப்பு என்று உங்கள் குறிப்பில் இருந்தால் அடித்துவிடுங்கள். அந்த வீட்டில் என்னைவிட அதிகமாக அழுதவர்கள் இல்லை.

காரியம் எல்லாம் முடிந்த பிறகு தங்கை மையத்துக்கு வந்தாள். திரைச்சீலையை, பலகையை, மூலையில் ஓடிக்கொண்டிருந்த கருவியை எல்லாம் பார்த்தாள். பிறகு உட்கார்ந்தாள்.

"எனக்குக் காசு பணம் எதுவும் வேணாம்க்கா. பயந்து பயந்தே செத்தாருன்னு எல்லாரும் பேசுறாங்க. பயந்தாங்கொள்ளின்னு பேர் வாங்கிட்டுப் போயிட்டாரு. தூசியாலதான் போனாருன்னு ஒரே ஒரு காகிதம் குடு. போதும்."

"எப்படிடீ குடுக்க முடியும்? ரிப்போர்ட்ல அப்படி இல்லையே."

"ரிப்போர்ட் எழுதுறது நீதானேக்கா?"

அவள் குரலை உயர்த்தவில்லை. கொடுத்திருந்தால் என்ன என்று எனக்கும் தோன்றியது. ஆனால் சொந்தத் தங்கை என்பதற்காக ஒரு காகிதம் கொடுத்தால், பீப்பாய் வீட்டுக்கும் கொடுக்க வேண்டும், மற்றவர்கள் வீட்டுக்கும் கொடுக்க வேண்டும். எல்லோருக்கும் கொடுக்க முடியாததை ஒருத்திக்குக் கொடுப்பது ஓரவஞ்சனை. இதை அவளுக்குப் பொறுமையாக எடுத்துச் சொன்னேன். முழுவதையும் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு எழுந்து போய்விட்டாள். அதன் பிறகு என்னிடம் பேசவில்லை.

இனி அந்த அட்டை விஷயம். அதைத்தான் நீங்கள் திரும்பத் திரும்பக் கேட்கிறீர்கள்.

ஒருவர் இறந்தால் பட்டியலிலிருந்து பெயரை எடுக்க ஒரு படிவம் உண்டு. முன்பு அது பணியாளர் பிரிவில் இருந்தது. நோய், விடுப்பு எல்லாம் என்னிடம் வந்தபோது அதையும் சிஸ்டரிடமே கொடுத்துவிட்டார்கள். மற்ற எட்டுப் பேருக்கும் அதே வாரத்தில் கையெழுத்துப் போட்டு அனுப்பினேன், அவர்கள் இடத்துக்குப் புது ஆட்கள் வந்து பட்டியல் நாற்பத்திரண்டாகவே இருந்தது. தங்கை வீட்டுக்காரர் படிவம் மட்டும் என் மேசை இழுப்பறையில் இருந்தது. எடுப்பேன், பேனாவைத் திறப்பேன், மூடி வைப்பேன். கை வரவில்லை. அப்படியே ஐந்து மாதம் ஓடிவிட்டது. இந்த வருடப் பட்டியல் வந்தபோது அவர் பெயரும் அதில் இருந்தது, எப்போதும் போல ஆறாவதாக.

கவனக்குறைவாக ஊதிவிட்டேன் என்று எழுதினால் எனக்கு நல்லது என்று என் வக்கீல் சொன்னார். அப்படி எழுத மாட்டேன். என் வேலையில் கவனக்குறைவு என்று ஒருவரும் சொன்னதில்லை. ஐந்தாவது பெயரை முடித்தேன், வெந்நீர் குடித்தேன், ஆறாவது பெயரைப் படித்தேன். அவர் போய்ச் சேர்ந்தது எனக்குத் தெரியும். ஜன்னலோர நாற்காலியும் தலையணையும் கண் முன்னால் நின்றன. கடைசியில் அந்த மனிதருக்கு ஒரு வாக்கியத்துக்கு மூச்சு இல்லை. அட்டை வாய்க்குழாயைக் கழற்றிப் புதியதை மாட்டினேன். வயதில் ஒன்று கூட்டிப் போட்டேன். எழுந்து நின்றுகொண்டு, உள்ளே இருந்த மூச்சு முழுவதையும், நெஞ்சு வலிக்கும்வரை ஊதினேன். இன்னும் இரண்டு முறை ஊதினேன். நூற்று நாலு வந்தது. கூடத்தில் அதுவரை யாருக்கும் நூறைத் தாண்டியதில்லை.

அட்டை மற்ற அட்டைகளோடு தபாலில் போயிற்று. தங்கை அதை எடுத்துக்கொண்டு நேராக உங்களிடம் வந்தாள் என்கிறீர்கள். என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். அவள் ஆசைப்பட்ட மாதிரி பயந்தாங்கொள்ளி என்று அதில் ஒரு எழுத்து இல்லை. நலமாக உள்ளது என்றுதான் இருக்கிறது, வாழ்த்துகூட இருக்கிறது.

கடைசியாக, குற்றத்தை ஒப்புக்கொள்கிறாயா என்று கேட்டு இந்தப் பக்கத்தில் இடம் விட்டிருக்கிறீர்கள். ஒப்புக்கொள்கிறேன். ஒன்பது வருடம் எல்லோருக்கும் சமமாக ஊதியவள், நாற்பத்திரண்டு பேரில் என் தங்கை வீட்டுக்காரருக்கு மட்டும் இந்த முறை கொஞ்சம் கூடுதலாக ஊதிவிட்டேன்.